கிளட்சில் ஏர் எடுப்பது: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் பட்டறை வைத்திருக்கிறேன். தை பிறந்து முகூர்த்த நாட்கள் ஆரம்பித்தால் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஒரே மாதிரி போன் வரும். "அண்ணே, நேற்றுத்தான் வீட்டைத் திறந்தோம். காரை எடுக்கலாம் என்று உட்கார்ந்தால் கிளட்ச் பெடல் அப்படியே கீழே போய்விட்டது." சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ சென்னையிலோ இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை வந்து திறக்கும் வீடுகள் இவை. வீடு பூட்டிக் கிடக்கும்போது காரும் உள்ளே பூட்டித்தான் கிடக்கிறது. போனில் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வருவதற்கு முன்னால் படித்துப் பாருங்கள்.

என் காரில் இருப்பது ஆயில் கிளட்சா, கேபிள் கிளட்சா?

மாருதி 800, ஆல்ட்டோ போன்ற சின்ன வண்டிகளில் கேபிள்தான். ஏர் எடுப்பது என்றால் ஆயில் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவது. கேபிளில் அப்படி எடுக்க ஒன்றுமே இல்லை. பெடல் தளர்ந்தால் கேபிளை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும், இல்லையென்றால் மாற்ற வேண்டும். இன்னோவா மாதிரி வண்டிகளில் ஆயில். சந்தேகமாக இருந்தால் பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்கும் டிரைவருக்கும் நடுவிலுள்ள தகரச் சுவரில் கிளட்ச் பெடலுக்கு நேர் முன்னால் பாருங்கள். அங்கே ஒரு சின்ன சிலிண்டரும், அதிலிருந்து கியர்பாக்ஸ் பக்கம் போகும் குழாயும் தெரிந்தால் ஆயில் கிளட்ச். மேலே இருப்பது மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸ் பக்கத்தில் இருப்பது ஸ்லேவ் சிலிண்டர்.

கொஞ்சம் காற்று புகுந்ததற்கா முழு கிளட்சும் படுத்துவிடுகிறது?

ஆமாம். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 16 மி.மீ., பெடலை முழுக்க மிதித்தால் பிஸ்டன் 30 மி.மீ. நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது குழாய்க்குள் தள்ளப்படும் ஆயில் வெறும் 6 மில்லி. தேக்கரண்டியில் ஒன்றும் கொஞ்சமும்தான். அந்த 6 மில்லிதான் ஸ்லேவ் சிலிண்டரின் ராடைத் தள்ளி, ஃபோர்க்கை அசைத்து, ரிலீஸ் பேரிங்கை பிரஷர் பிளேட்டின் விரல்கள் மேல் அழுத்துகிறது. அப்போதுதான் கிளட்ச் பிளேட் இன்ஜினின் பிடியிலிருந்து விடுபடும்.

ஆயிலை அழுத்தினால் அது சுருங்காது, காற்று சுருங்கிவிடும். 2 மில்லி காற்று குழாயில் உட்கார்ந்திருந்தால், நீங்கள் தள்ளிய 6 மில்லியில் ஏறக்குறைய 2 மில்லி அந்தக் காற்றை நசுக்குவதற்கே போய்விடும். ராடு நகர வேண்டிய தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். கிளட்ச் பிளேட் பாதி விட்டும் விடாமலும் நிற்கும்.

பெடல் கீழே போகிறது. ஏர் பிடித்ததா, பிளேட் போய்விட்டதா, எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நிறையப் பேர் பணத்தை விட்டிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது, கியர் விழ மறுக்கிறது, ரிவர்ஸ் போட்டால் கர் என்று கத்துகிறது, கிளட்சை முழுக்க மிதித்தும் வண்டி மெல்ல நகரப் பார்க்கிறது. இதெல்லாம் கிளட்ச் விடாததன் அடையாளம். இப்போது பெடலை நாலைந்து தடவை வேகமாக அடித்துப் பாருங்கள். அடிக்க அடிக்கப் பெடல் மேலே ஏறி, கியர் சுலபமாக விழுந்தால் கோளாறு ஆயில் பக்கம்தான். ஒவ்வொரு மிதிக்கும் மாஸ்டர் கொஞ்சம் கூடுதல் ஆயிலை உள்ளே தள்ளுவதால் குறை தற்காலிகமாக ஈடாகிறது.

பிளேட் தேய்ந்திருந்தால் நேர்மாறாக இருக்கும். கியர் நன்றாக விழும், ஆனால் ஆக்சிலேட்டர் கொடுத்தால் இன்ஜின் கத்தும், வண்டி அந்த அளவுக்கு ஓடாது, மேட்டில் இழுக்காது. சில சமயம் கருகிய வாடை வரும். இதை ஸ்லிப் என்போம். கிளட்ச் விடாதது ஒரு நோய், கிளட்ச் பிடிக்காதது வேறு நோய்.

கானாடுகாத்தானிலிருந்து ஒரு வண்டி வந்தது. வேறொரு இடத்தில் கியர்பாக்ஸை இறக்கி பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் மாற்றியிருந்தார்கள். பெடல் மட்டும் பழையபடி கீழேயே போனது. டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். மாஸ்டர் சிலிண்டரின் ராடு ஓரம் ஈரம். சில நூறு ரூபாய் ரப்பர் வாஷர் கிட்டில் முடிய வேண்டிய வேலை. அந்த வீட்டு ஆச்சி ரசீதுகளை என் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றது இன்னும் மனதில் இருக்கிறது. அன்றிலிருந்து யார் போன் செய்தாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: பெடலை அடித்துப் பாருங்கள், காலடியில் தடவிப் பாருங்கள், அதுவரை கியர்பாக்ஸை இறக்க விடாதீர்கள்.

ஏர் எடுத்தேன், ஒரு மாதத்தில் மறுபடியும் பிடித்துக்கொண்டது. ஏன்?

காற்று தானாக உண்டாகாது. எங்கேயோ வழி இருக்கிறது. அந்த வழியை அடைக்காமல் ஏர் மட்டும் எடுத்தால் நீங்கள் மாதா மாதம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நான் பார்க்கும் வரிசை இது. முதலில் டிரைவர் காலடி: மாஸ்டர் சிலிண்டரின் ராடு சுவரைத் தாண்டி வரும் இடத்தை விரலால் தடவுங்கள். மிதியடியின் மேல்பக்கம் பிசுக்காக இருக்கிறதா பாருங்கள். அடுத்து கீழே, ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் பூட்டை மெல்ல விலக்குங்கள். லேசான ஈரம் இருக்கலாம், ஆயில் வழிந்தால் உள்ளே வாஷர் போய்விட்டது. அப்புறம் குழாயின் இணைப்புகள், ரப்பர் ஹோஸ். பழைய ஹோஸ் வெடிக்காமலே கெட்டிருக்கலாம்: ஒருவரை மிதிக்கச் சொல்லிக் கையால் பிடித்துப் பாருங்கள், பாம்பு இரை விழுங்கியதுபோல் புடைத்தால் மாற்றிவிடுங்கள்.

வெளியே ஒரு சொட்டுக்கூட இல்லாமலும் ஏர் பிடிக்கும். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் கிண்ணம் மாதிரி இருக்கும். உள்ளிருந்து அழுத்தம் வரும்போது அதன் உதடு சுவரோடு விரிந்து ஒட்டிக்கொள்ளும். பெடலை விடும்போது உள்ளே லேசாக உறிஞ்சும், உதடு தேய்ந்திருந்தால் அந்த நேரத்தில் வெளிக்காற்று நுழைந்துவிடும். ஆயில் குறையவே இல்லை, ஏர் எப்படி வந்தது என்று குழம்புகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. மிதித்து அப்படியே பிடித்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்ல இறங்குகிறது, எங்கும் கசிவில்லை என்றால், பெரும்பாலும் மாஸ்டரின் உள் வாஷரைத் தாண்டி ஆயில் திரும்ப, மாஸ்டருக்கு ஆயில் கொடுக்கும் டப்பாவுக்கே போகிறது. எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் இது சரியாகாது.

என்ன ஆயில் ஊற்ற வேண்டும்?

டப்பா மூடியில் எழுதியிருப்பதைத்தான். பெரும்பாலான கார்களில் டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில். இரண்டும் கிளைக்கால் வகை, அவசரத்துக்குக் கலந்தாலும் கெடுதல் இல்லை. புதிதாக இருக்கும்போது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரையும், டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரையும் கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிவிட்டால் அது 140, 155 என்று இறங்கிவிடும். டாட் 5 என்பது சிலிக்கான், இவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 மட்டும் பெயரில் நெருங்கினாலும் கிளைக்கால் வகைதான்.

இன்ஜின் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். மினரல் ஆயில் பட்டால் வாஷர் ஊறிப் பருத்துவிடும், பெடல் திரும்பி வராமல் சிக்கிக்கொள்ளும். முன்னால் யாராவது தவறாக ஊற்றியிருப்பார்களோ என்று சந்தேகம் வந்தால், டப்பாவிலிருந்து இரண்டு சொட்டு எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் விடுங்கள். பிரேக் ஆயில் கரைந்துவிடும். மேலே மிதந்தால் அது வேறு எண்ணெய். அப்படியானால் குழாயைக் கழுவி, மாஸ்டர், ஸ்லேவ் இரண்டிலும் ரப்பர் சாமான் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். அதே டப்பாவிலிருந்து பிரேக்குக்கும் ஆயில் போகிற வண்டி என்றால் பிரேக் ரப்பர்களும் சேர்ந்து கெட்டிருக்கும், அதை ஓட்டவே கூடாது.

திறந்து வைத்த பழைய பாட்டிலையும் பயன்படுத்தாதீர்கள். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்.

வீட்டிலேயே செய்ய என்னென்ன வேண்டும்?

மூடி பிரிக்காத ஒரு பாட்டில் ஆயில், நிப்பிளுக்கு, அதாவது ஸ்லேவ் சிலிண்டரில் காற்றை வெளியே விடத் திறக்கும் சின்னத் திருகுக்கு, சரியான ரிங் ஸ்பேனர் (பல வண்டிகளில் 8 அல்லது 10 மி.மீ.), நிப்பிளில் இறுக்கமாக ஏறும் தெளிவான பிளாஸ்டிக் டியூப் ஒரு முழம், கண்ணாடி பாட்டில், பழந்துணி, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். வண்டிக்கு அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கி மட்டும் போதாது, ஸ்டாண்டு வைத்துச் சக்கரத்துக்குக் கட்டையும் போடுங்கள். செங்கல் அடுக்கி வைத்து அடியில் படுக்கவே கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள்.

சரி, எப்படி எடுப்பது?

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில், ஒருவர் கீழே.

முதலில் டப்பாவின் வாயைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறங்கள். மூடியைத் திருகும்போது மண் உள்ளே விழுந்தால் புது வாஷரும் கீறிப் போகும், நம் பக்கத்துச் செம்மண் தூசி அவ்வளவு நைசு. ஆயில் கறுப்பாக இருந்தால் ஊசியால் (மருந்து ஏற்றும் சிரிஞ்சால்) உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை நிரப்புங்கள்.

ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளைப் பார்த்துக்கொள்ளுங்கள். துருவேறி இருந்தால் பலம் கொடுக்காதீர்கள், உடைந்தால் சிலிண்டரே போச்சு. துரு நீக்கும் ஆயில் அடித்து, ஒரு மணி நேரம் விட்டு, ரிங் ஸ்பேனர் போட்டு லேசாகத் தட்டித் தட்டித் தளர்த்துங்கள். டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முங்கும்படி வையுங்கள்.

இப்போது கீழே இருப்பவர்தான் உத்தரவு போட வேண்டும். "மிதி" என்றால் சீட்டில் இருப்பவர் பெடலை மெதுவாக அடிவரை மிதிப்பார். மிதித்ததும் "பிடிச்சிருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகே கீழே இருப்பவர் நிப்பிளைக் கால் திருப்பு திறக்கிறார். ஆயிலும் குமிழிகளும் டியூபில் ஓடும். ஓட்டம் நிற்பதற்குள் நிப்பிளை மூடிவிட்டு "விடு" என்கிறார். அதன் பிறகுதான் பெடலை விட வேண்டும். நிப்பிள் திறந்திருக்கும்போது பெடல் மேலே வந்தால் வெளியேற்றிய காற்றையே மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். முதல் தடவை செய்கிறவர்கள் தவறுவது இந்த ஓர் இடத்தில்தான். பட்டறையில் புதிதாகச் சேரும் தம்பிகளுக்கு ஸ்பேனர் பிடிக்கச் சொல்லித் தருவதற்கு முன் இந்த மூன்று சொல்லைத்தான் பழக்குவேன்.

பெடல் தானாக மேலே வராமல் தரையில் ஒட்டிக்கொண்டால் பயப்பட வேண்டாம், கையால் தூக்கிவிடுங்கள். காற்று இருக்கும்வரை அப்படித்தான்.

நாலைந்து மிதிக்கு ஒரு தடவை டப்பாவைப் பாருங்கள். ஆயில் அடிக்கு இறங்கினால் மேலேயிருந்து காற்று புகுந்து, வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். குமிழி இல்லாமல், தெளிவான ஆயில் தொடர்ந்து நாலு மிதிக்கு வந்தால் முடிந்தது. நிப்பிளை அளவாக இறுக்கி, ரப்பர் தொப்பியை மாட்டுங்கள்.

உதவிக்கு ஆளில்லை. தனியாகச் செய்ய முடியுமா?

முடியும், பொறுமை வேண்டும். டப்பாவை நிரப்பி, மூடியைத் தளர்த்தி வைத்துவிட்டு, நிப்பிளைத் திறந்து ஆயில் தானாக இறங்கி வரும்படி விடுங்கள். அரை மணி நேரம்கூட ஆகலாம், பக்கத்திலேயே இருந்து டப்பாவை நிரப்பிக்கொண்டிருங்கள். மாஸ்டர் மேலேயும் ஸ்லேவ் கீழேயும் இருக்கும் வண்டிகளில் இது நன்றாகவே வேலை செய்கிறது.

எனக்குப் பிடித்தது கீழிருந்து மேலே தள்ளுவது. பெரிய ஊசியில் புது ஆயிலை உறிஞ்சி, அதிலுள்ள காற்றை வெளியேற்றிவிட்டு, டியூப் வழியாக நிப்பிளுக்குள் மெதுவாகத் தள்ள வேண்டும். காற்று எப்போதும் மேலே போகத்தான் பார்க்கும், அது போகிற திசையிலேயே நாமும் தள்ளுகிறோம். டப்பா நிரம்பி வழியாமல் முன்கூட்டியே கொஞ்சம் ஆயிலை எடுத்துவிடுங்கள். பழைய ஆயில் அழுக்காக இருந்தால் இந்த முறை வேண்டாம், கீழே தங்கிய கசடு மாஸ்டருக்குள் போய்விடும்.

குமிழி நின்றபாடில்லை. அல்லது குமிழி நின்றும் பெடல் பஞ்சாகவே இருக்கிறது.

உறிஞ்சும் பம்ப் வைத்து எடுக்கிறீர்கள் என்றால், நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்றே உள்ளே வந்து குமிழி காட்டும். அது பொய்க் குமிழி. மிதித்து எடுக்கும் முறையில் ஒரு தடவை சரிபாருங்கள்.

குமிழி நின்றும் பெடல் சரியில்லை என்றால், காற்று எங்கோ மேடான இடத்தில் தங்கியிருக்கிறது. ஸ்லேவில் நிப்பிள்தான் உயரமான இடமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சிலிண்டரைக் கழற்றி, நிப்பிள் மேலே வரும்படி சாய்த்து, ராடைக் கையால் உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டு எடுங்கள். கழற்றிய நிலையில் ராடை விட்டுவிட்டு யாராவது பெடலை மிதித்தால் பிஸ்டன் வெளியே தெறித்துவிடும், சீட்டில் இருப்பவரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். மாஸ்டரிலேயே சின்னக் குமிழி நின்றால், நிப்பிள் மூடியிருக்கும்போது பெடலின் முதல் இரண்டு மூன்று சென்டிமீட்டரை மட்டும் சின்னச் சின்னதாக அடித்துப் பாருங்கள். டப்பாவுக்குள் முத்து முத்தாக ஏறி வரும்.

கியர்பாக்ஸுக்குள்ளேயே ஸ்லேவ் இருக்கும் வண்டிகள்?

ஏர் எடுக்கும் நிப்பிள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், முறை ஒன்றுதான். கசிவு மட்டும் கண்ணுக்குத் தெரியாது, பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடியிருக்கும் கூட்டின்) அடியில் சொட்டும். அப்படிச் சொட்டினால் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்கும்போது பிளேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். இரண்டு தடவை இறக்குவதற்குக் கூலி கொடுப்பது வீண்.

பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா. பிரேக்கும் கெடுமா?

பொதுவாக கிளட்ச் குழாய் டப்பாவின் மேல்மட்டத்திலிருந்து பிரியும். கிளட்ச் ஆயில் முழுக்க ஒழுகினாலும் பிரேக்குக்கு அடியில் ஆயில் மிஞ்சட்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் பழைய ஆயிலை ஊசியால் உறிஞ்சும்போது கவனக்குறைவாக டப்பாவை அடிவரை காலி செய்துவிட்டால் பிரேக்கிலும் காற்று போகலாம். அப்படி ஆகிவிட்டால் வண்டியைத் தெருவுக்கு எடுக்காதீர்கள். ஏபிஎஸ் உள்ள சில வண்டிகளில் ஸ்கேனர் வைத்துத்தான் முழுதாக எடுக்க முடியும்.

வேலை சரியாக முடிந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

இன்ஜின் ஓடட்டும். கிளட்சை முழுக்க மிதித்து, மூன்று நாலு விநாடி பொறுத்து, ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழ வேண்டும். அப்படியே ஒரு நிமிடம் மிதித்துப் பிடித்திருங்கள், பெடல் இறங்கக்கூடாது, வண்டி நகரக்கூடாது. அப்புறம் பெடல் முழுக்க மேலே வந்திருக்கும்போது கையால் லேசாக அழுத்தினால், இறுகுவதற்கு முன் கொஞ்சம் தளர்வு இருக்க வேண்டும். அது இல்லையென்றால் மாஸ்டரின் பிஸ்டன் முழுக்கத் திரும்பாமல், டப்பாவுக்குப் போகும் சின்னத் துளை அடைபட்டே இருக்கும். சூட்டில் ஆயில் விரிந்து கிளட்சைத் தானே அமுக்கி, பிளேட் ஸ்லிப் ஆகும்.

பழனி பாதயாத்திரைக்குப் பின்னால் கார் போகிறது. கிளட்ச் தாங்குமா?

தைப்பூசத்துக்குக் காவடியோடு நடந்து போகும் நகரத்தார் கூட்டத்துக்குப் பின்னால் சாமான் ஏற்றிக்கொண்டு நாள்கணக்கில் ஊர்ந்து போகும் வண்டிகள் எனக்கு நன்றாகத் தெரியும். பாதி கிளட்சில் ஊர்வதுதான் அங்கே கெடுதல். பிளேட் உரசி உரசிப் பெல் ஹவுசிங் கொதிக்கும், ஈரம் ஏறிய பழைய ஆயில் அந்தச் சூட்டைத் தாங்காது. கூட்டத்தோடு ஒட்டி ஊராதீர்கள். ஒரு கிலோமீட்டர் முன்னால் போய் நிழலில் நிறுத்திக் காத்திருங்கள். கிளம்புவதற்கு முன் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

வழியில் கிளட்ச் போய்விட்டால்?

பம்ப் செய்து கியர் விழுந்தால் அப்படியே மெதுவாக வாருங்கள். விழவில்லையென்றால், நடுரோட்டிலிருந்து ஓரத்துக்கு நகர்த்த மட்டும், இன்ஜினை நிறுத்தி முதல் கியரைப் போட்டுச் சாவியைத் திருகலாம். வண்டி குதித்துக் கிளம்பும், முன்னால் ஆள் இருக்கக்கூடாது. அதே வழியில் திருமயத்திலிருந்து காரைக்குடி வரை ஓட்டி வருவது வேண்டாம்.

வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறோம். காருக்கு என்ன செய்துவிட்டுப் போக வேண்டும்?

போவதற்கு முன் ஆயிலை மாற்றுங்கள். அடுத்த முறை வந்து மாற்றலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூட்டிய கொட்டகைக்குள் ஈரம் நிற்கும். டப்பா மூடியின் மூச்சுத்துளை வழியாகவும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் அந்த ஈரம் ஆயிலில் சேரும். சேர்ந்த தண்ணீர் சிலிண்டரின் உள்சுவரை அரித்துப் புள்ளி புள்ளியாகக் குழி போடும். அசையாமல் கிடக்கும் வாஷர் அந்தச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு வருடம் கழித்து நீங்கள் வந்து வேகமாக முதல் மிதி மிதிக்கும்போது ஒட்டியிருந்த உதடு கிழிகிறது.

வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் சாவி இருந்தால், வாரம் ஒருமுறை உட்கார்ந்து கிளட்ச், பிரேக் பெடல்களை இருபது தடவை மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள். இன்ஜினை ஓட்டத் தெரியாதவர்கூட இதைச் செய்யலாம். நீங்கள் திரும்பி வந்ததும் முதல் மிதியை மெல்ல மிதியுங்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுங்கள்.

எடுத்த பழைய ஆயிலை எங்கே ஊற்றுவது?

சாக்கடையில் வேண்டாம், கொல்லையிலும் வேண்டாம். நம் ஊர்களில் மழைநீர் ஓடி ஊருணிக்குத்தான் போகிறது. மூடி போட்ட பாட்டிலில் அடைத்து, குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாமல் வைத்து, கழிவு ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். எங்களிடம் கொண்டு வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்கிறோம். பெயின்டில் சிந்தினால் துணியால் தேய்க்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், விட்டால் பெயின்ட் உரிந்துவிடும். கார் நிற்கும் இடத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால், வேலை தொடங்கும் முன்பே அடியில் ஒரு தகரத் தட்டும் சாக்கும் விரித்துவிடுங்கள்.